ஒன்பது வருடப் பாட்டு

எங்கள் திருமண வரவேற்பில் வாசித்த முதல் பாட்டு ஒன்பது வருடம் நடந்தது. பாட்டு முடியாமல் வரவேற்பு முடியாது என்பதால் அத்தனை நாளும் நானும் என் மனைவி மோகனப்பிரியாவும் மேடையிலேயே நின்றோம். நான் போட்டிருந்த கோட்டை இரண்டு முறை பிரித்து அகலப்படுத்தினார்கள். பல்லடம் சாலையில் இருக்கும் ஆவாரங்காடு மண்டபத்துக்காரர் நல்ல மனிதர். மற்ற கல்யாணங்களையெல்லாம் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டு மேல்தளத்தை எங்களுக்கு விட்டுவைத்தார்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. குழுவை ஏற்பாடு செய்தது என் தாய்மாமா. அவர் விசாரித்த மூன்று குழுக்களில் ‘நாலு ரோடு’ மட்டும்தான், ஒரே பாட்டு போதும், நேரம் போவதே தெரியாது என்று சொன்னது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

அவர்கள் எழுதிவைத்ததை வாசிக்காமல் மேடையிலேயே பாட்டை வளர்த்துக்கொண்டு போகும் ஜாம் பேண்ட் என்பது எனக்கு இரண்டாம் வருடம்தான் தெரியவந்தது. அதைத் தெரிவித்தவர் அப்புக்குட்டி. டயர் ரீட்ரேடிங் பட்டறையில் வேலை பார்க்கிறவர். நீளமான கம்பின் நுனியில் மைக்கைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்று பாட்டைப் பதிவு செய்யும் பதினேழு பேரில் அவரும் ஒருவர். மண்டபத்தில் அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. ஆகவே அவர் புதன்கிழமைதோறும் பரிசு கொடுக்கும் வரிசையில் வந்து, எங்களோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு பொட்டலத்தைக் கையில் தருவார். பிரித்தால் உள்ளே நோட்டுப்புத்தகத் தாள் இருக்கும். அந்த வாரம் வாசித்த பகுதியின் கதையை அதில் எழுதியிருப்பார்.

‘மெட்டு ஒண்ணுல பொறப்படுவாங்க. அப்பறம் கால் போன பக்கம் போவாங்க. வாசிச்சத மறுக்கா வாசிக்க மாட்டாங்க. கவனிச்சுக் கேளுங்க மாப்பிள்ளை’ என்று முதல் தாளில் இருந்தது.

நான் கவனித்துக் கேட்டேன். அதுவரை எனக்கு சங்கீதம் என்றால் பஸ்ஸில் டிரைவர் போடுவது. அந்தத் தாள்கள் வந்த பிறகு என் காது வேறு காதாகிவிட்டது. மூன்றாம் வருடம் டிரம்ஸ் பூங்கொடி எட்டு மாதம் வாசித்த தட்டுத்தடுமாறும் தாளம், அவள் வீட்டுக் கிணற்று மோட்டார் தண்ணீர் வற்றிக் காற்றை இழுத்த ஒலியாம். அவள் அதை வாசித்து முடித்த அன்று கிணற்றில் மறுபடி ஊற்றெடுத்ததாக அப்புக்குட்டி எழுதியிருந்தார். ஐந்தாம் வருடம் அவள் அரசுத் தேர்வு எழுதப் போனாள். கிட்டார் ரெஜினால்டும் பேஸ் கருணைப்பிரகாசமும் அவள் இடத்தை நிரப்பவில்லை. டிரம்ஸ் இருந்திருந்தால் எங்கே விழுமோ அங்கெல்லாம் இடம் விட்டு ஆறு மாதம் வாசித்தார்கள். அந்த இடைவெளிகளை நான் இன்றைக்கும் தூக்கத்தில் எண்ணுகிறேன். அவ்வளவு அழகு. மனிதர்கள் ஒருவருக்கொருவர் இப்படிக் காதுகொடுக்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஒரே ஒரு குறைதான். மோகனப்பிரியாவின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பெண் பார்க்கப் போனபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே பன்னிரண்டு நாள். போனில் செய்தி அனுப்பிக்கொண்டோம். காலை முகூர்த்தத்தில் காதோரம் தவில். மாலையில் மேடையேறியதும் ஆளுக்கொரு பக்கம் ஆளுயர ஒலிபெருக்கி. வேண்டியதைப் பரிசு சுற்றிய தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவோம். ‘கால் வலிக்குதுங்களா’ என்று அவள் எழுதுவாள். ‘இல்லை’ என்று நான் எழுதுவேன்.

ஒன்பதாம் வருடம் மார்கழியில் ஒருநாள் ரெஜினால்டின் கிட்டார் கம்பி அறுந்து போட்டோகிராபரின் தொப்பியைத் தட்டிவிட்டது. மோகனப்பிரியா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஒன்பது வருடம் அந்தப் பாட்டைக் கேட்க நான் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்காமல் இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

அடுத்த புதன்கிழமை அப்புக்குட்டியிடம், பாட்டு எப்படி முடியும் என்று எழுதிக் கேட்டேன். அதற்கடுத்த புதன்கிழமை பதில் வந்தது.

‘பொறப்பட்ட மெட்டுக்குத் திரும்பி வந்தாத்தான் முடிக்க முடியும். அது அவங்க வழக்கம். ஆனா ரொம்பத் தொலவு போயிட்டாங்க, மெட்டு மறந்துபோச்சு. எங்க பதிவுலயும் இல்லீங்க. முதல் இருவது நிமிசம் நாங்க அத்தனை பேரும் முதல் பந்தீல இருந்தோம்.’

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் வரவேற்புக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குத்தான் போவார்கள். மண்டபத்துக்காரர் போயிருந்தார். என் தாய்மாமா போயிருந்தார். பதிவு செய்ய வந்த பதினேழு பேரும் ஜாங்கிரிக்காகப் போயிருந்தார்கள். அந்த இருபது நிமிடம் காலி நாற்காலிகளுக்கு முன்னால் இருந்தது நாங்கள் இருவரும், படத்தைத் தவிர எதையும் கவனிக்காத போட்டோகிராபரும் மட்டுமே. நான் அவர் சொன்னபடி தாடையை இறக்குவதிலும் தோளைத் தூக்குவதிலும் மும்முரமாக இருந்தேன். ஒரு சுரம்கூட நினைவில் இல்லை.

ஒரு குக்கர் சுற்றி வந்த தாளைத் திருப்பி, ‘முதல் மெட்டு உனக்குத் தெரியுமா’ என்று எழுதி நீட்டினேன்.

‘தெரியுமே’ என்று எழுதினாள்.

‘ஏன் சொல்லவில்லை?’

அவள் பேனாவால் என் காலைக் காட்டினாள். பிறகு எழுதினாள்: ‘உங்க கால் தாளம் போட்டுட்டே இருந்துச்சு. நிறுத்த மனசு வரலீங்க.’

‘நிறுத்தலாம்’ என்று எழுதினேன்.

மோகனப்பிரியா மாலையைச் சரிசெய்துகொண்டு மேடையின் ஓரத்துக்குப் போய், ரெஜினால்டின் முன்னால் இருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பி, அந்த மெட்டை முணுமுணுத்தாள். கொஞ்சம் கரகரத்த குரல். இரண்டாவது அடியில் மூச்சு பற்றாமல் நடுவில் ஒருமுறை நிறுத்தி எடுத்தாள். இரண்டு ஆளுயர ஒலிபெருக்கிகளிலும் அது வந்தது. நான் மேடையில் நின்றபடியே அழுதேன். போட்டோகிராபர் அதையும் எடுத்தார்.

பூங்கொடியின் குச்சிகள் ஒரு கணம் அந்தரத்தில் நின்றன. பிறகு மூவரும் அந்த மெட்டை நோக்கித் திரும்பத் தொடங்கினார்கள். பூங்கொடி அன்று மாலையே வந்து சேர்ந்தாள். ரெஜினால்டு வெள்ளிக்கிழமை வந்தார். கருணைப்பிரகாசம்தான் மிகவும் தொலைவில் இருந்தார்; அவருக்குப் பதினோரு நாள் பிடித்தது. மற்ற இருவரும் அவருக்காக வாசலில் விளக்கை அணைக்காமல் காத்திருக்கிறவர்களைப்போல் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு மூவரும் மெட்டை ஒன்றாக வாசித்து, ஒன்றாக நிறுத்தினார்கள்.

மின்விசிறிகளின் சத்தம் கேட்டது. கீழே யாரோ ரசத்துக்குத் தாளிப்பது கேட்டது.

மோகனப்பிரியா என் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங்க, செருப்ப எங்க உட்டீங்க?” என்றாள்.

“மேடைப்படிக்குக் கீழ, தண்ணி டிரம் பக்கத்துல” என்றேன். “இருக்குதோ என்னமோ.”

“நாஞ்சொன்னேன்ல, ஓரமா உடுங்கன்னு.”

“எப்பச் சொன்ன?”

“மேடை ஏறறப்பவே சொன்னனுங்க. உங்களுக்குத்தான் கேக்கல.”

வேறென்ன சொன்னாய் என்று கேட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள். அப்புக்குட்டி கம்பை மெல்லத் திருப்பி மைக்கை எங்கள் இருவருக்கும் நடுவே கொண்டுவந்தார். மற்ற பதினாறு பேரும் அப்படியே செய்தார்கள். பூங்கொடியும் ரெஜினால்டும் கருணைப்பிரகாசமும் கீழே இறங்கி முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்தப் பேச்சு தொடங்கி மூன்று வருடமாகிறது. வழக்கம் அதேதான், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினால் பேச்சை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சொன்னதை மறுபடி சொல்வதில்லை. போன புதன்கிழமை பேச்சு மழை, சேறு, வாசற்படி என்று வந்து செருப்புக்கு மிக அருகே நின்றது. அப்புக்குட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டார். மோகனப்பிரியா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, உங்கள் ஊர்க் கிணற்றில் எத்தனை படி என்று கேட்டாள்.

நான் மேற்படியிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.