கடைசி அடைப்புக்குறி

துக்கச் சாப்பாட்டுக்கு அறுக்க, குதிரையின் நான்கு கால்களையும் ஒரே கயிற்றில் சுருக்கி இழுத்தார்கள். அது பக்கவாட்டில் விழுந்து மண்ணை உதைத்தது. அப்பா அதன் தலையை அழுத்திப் பிடிக்க, சித்தப்பா ஒமூர் கழுத்தில் கத்தியை வைத்தார். எல்லாருடைய கண்ணும் அங்கே இருந்தபோது சைக்கால் துக்கக் கூடாரத்தின் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வந்திருக்கக் கூடாது. தம்பியின் உடல் போகும்வரை அக்காள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொல்ல வேண்டும். தம்பி எர்மெக்கின் தலையில் வெள்ளைத் துணியைக் கூடுதலாகச் சுற்றியிருந்தார்கள். தலைநகர் பிஷ்கெக்கில், கல்லூரி விடுதி வாசலில் வைத்து அடித்திருக்கிறார்கள், இரும்புக் கம்பியால். மடிக்கணினியைக் கொடுத்திருந்தால் விட்டுத் தொலைத்திருப்பார்கள். இவன் குப்புற விழுந்து அதை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டான். கை ஓயும்வரை அடித்துவிட்டுப் போனார்கள்.

"ஒரு பெட்டிக்காகவா உசுர விட்டான், பைத்தியக்காரப் பய!" துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் இதே பாட்டுத்தான். சைக்கால் பல்லைக் கடித்தாள். ஏன் கொடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

படித்தது பாலம் கட்டுகிற படிப்பு. லிஸ்ப் அவனாகப் பிடித்துக்கொண்ட கிறுக்கு. தேர்வுக்கும் உதவாது, வேலைக்கும் உதவாது. தாத்தா காலத்துக் கணினி மொழி, எங்கே பார்த்தாலும் அடைப்புக்குறி. "மத்தவங்க புரோகிராம நிறுத்திட்டுத் திருத்துவாங்கக்கா. நான் அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே உள்ள கைய விட்டுத் திருத்துவேன். உசுரோட இருக்கு பாரு!" என்பான்.

"கரண்டு போனா?"

"எல்லாம் போயிரும். அதான் அணைக்கவே மாட்டேனே." சிரிப்பான். மடையன், மாதக்கணக்கில் எதையும் சேமித்து வைக்கவில்லை. செய்தது அத்தனையும் அந்த ஓட்டத்துக்குள்ளேயே கிடந்தது.

விறகுக் குவியலுக்குப் பின்னால் எர்மெக்கின் அறைத்தோழன் கோஸ்த்யா காத்திருந்தான். உடலோடு காரில் வந்தவன், வழியெல்லாம் கணினிக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டே வந்திருந்தான். ஒரு கட்டையின்மேல் வைத்திருந்த அதன் திரை பூட்டிக் கிடந்தது. கடவுச்சொல் சைக்காலுக்குத்தான் தெரியும், சேமிக்கும் கட்டளை அவனுக்குத்தான் தெரியும்.

"சீக்கிரம்க்கா. உங்க சித்தப்பா சார்ஜரப் பிடுங்கி அடுப்புல போட்டுட்டாரு."

செத்துப்போன நாயின் பெயரைத் தட்டினாள். திரை திறந்தது. பாதியில் நின்ற ஒன்பது குழி ஆட்டம், பல்லாங்குழி போலக் கற்களை வைத்து ஆடுவது. மூலையில் பேட்டரி சிவப்பாகிவிட்டது.

கோஸ்த்யா மடமடவென்று ஒரு வரி அடித்துவிட்டுக் கையை எடுத்தான். "கடைசி அடைப்புக்குறிய நீங்க போடுங்க. போட்டதுமே எல்லாம் கோப்புல போயிரும். ஆனா இந்த ஓட்டம் நின்னுரும். அந்தக் கட்டளையோட பேரே ‘சேமிச்சுட்டு செத்துப்போ’ன்னுதான்."

"செத்துப்போவுமா?"

"அந்தக் கோப்புலருந்து திரும்ப எழுப்பலாம்க்கா. போடுங்க!"

அவள் விரல் நகரவில்லை. தம்பி கடைசியாகத் தொட்டு ஓடவிட்டது இது ஒன்றுதான். இதையும் தன் கையாலேயே கொல்ல வேண்டுமா?

அதற்குள் ஒமூர் வந்துவிட்டார். "பொம்பளப்புள்ள வெளிய நிக்கிது! நீதானடா இந்தச் சனியன அவனுக்குப் பழக்கிவிட்டவன்?" முதல் அடியிலேயே கோஸ்த்யாவின் கண்ணாடி தெறித்தது. கீழே விழுந்தவனின் வாயில் பூட்ஸ் காலால் உதைத்தார். பல் போன வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அவன் சுருண்டான். மறுபடி காலை ஓங்கியவரின் முழங்காலில் சைக்கால் விறகுக் கட்டையை வீசி அடித்தாள். அவர் அலறிக்கொண்டு உட்கார்ந்தார்.

சத்தம் கேட்டு அப்பா சபர் வந்தார். முழங்கை வரை குதிரை ரத்தம். கீழே கிடந்தவர்களைப் பார்க்கவே இல்லை. விறகில் செருகியிருந்த கோடரியை உருவினார்.

"தள்ளு. எம்புள்ளையத் தின்னது அதுதான்."

சைக்கால் மடிக்கணினியின்மேல் கவிழ்ந்தாள். "அடிங்க! அவன அடிச்ச மாதிரியே என்னையும் அடிங்க!"

கோடரி இறங்கியது. அவள் காதோரம் கட்டை பிளந்தது, சில்லு கன்னத்தைக் கிழித்தது. அப்பா மறுபடி ஓங்கினார்.

"இதுக்குள்ள யாரு இருக்கான்னு தெரியுமா? நீங்கதான்ப்பா!"

கோடரி மேலேயே நின்றது.

"கோடையில மேய்ச்சக்காட்டுல நீங்க காய் ஆடும்போதெல்லாம் அவன் பக்கத்துல படுத்துக்கிட்டுத் தூங்கற மாதிரி நடிப்பானே, ஒவ்வொரு ஆட்டத்தையும் பாத்து இதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். இது உங்கள மாதிரியே ஆடும். விட்டுக்குடுக்கற மாதிரி ஏமாத்தும், கோவம் வந்தா தப்பா ஆடும். விடுதில இருக்கும்போதும் உங்ககூட ஆடணுமாம், அவனுக்கு."

அப்பா அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டார். குனிந்து திரையைப் பார்த்தார். குழிகளில் இருந்த கற்களை உதட்டை அசைத்து எண்ணினார்.

"கடைசியா எடுத்தது யாரு?"

"நீங்க. அதாவது... இது."

அப்பா மறுபடி முதல் குழியிலிருந்து எண்ணிப் பார்த்தார். ஒமூர் பின்னால் முனகிக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் எடுத்திருக்கேன்" என்றார் அப்பா.

பேட்டரி எச்சரிக்கை திரையில் மின்னத் தொடங்கியது. மண்ணில் கிடந்தபடியே கோஸ்த்யா ரத்தத்தைத் துப்பிவிட்டு, "சீக்கிரம்..." என்றான்.

அப்பா கோடரியைக் கீழே போட்டார். "எத அமுக்கணும்?"

சைக்கால் காட்டினாள். அடைப்புக்குறி விழ ஒரு விசையை அவள் பிடித்துக்கொள்ள, மற்றதை அவர் சுட்டுவிரலால் அமுக்கினார். வரிகள் ஓடின. ஆட்டம் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் திரையும் அணைந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா."

கூடாரத்திலிருந்து ஆண்கள் குரல் கொடுத்தார்கள், உடலைத் தூக்குகிறார்கள். அப்பா கோடரியை விறகில் செருகிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் நடந்தார். கோஸ்த்யா மண்ணைத் தடவிக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தான். அப்பா அமுக்கிய அந்த ஒரு விசையில் மட்டும் குதிரை ரத்தம் ஒட்டியிருந்தது. சைக்கால் துடைப்பதற்காகச் சட்டைக் கையை இழுத்தாள். பிறகு துடைக்காமல் மடிக்கணினியை அப்படியே மூடிவைத்தாள்.