டேப் சுற்றிய ஊசி

1
இந்தக் கதை ஒரு துண்டு டேப்பில் பிறந்தது. கென்யாவில், கிலிஃபிக்கு வடக்கே, நான் பதினோரு வருடமாகக் குடியிருக்கும் ஊரில், மலேரியாத் தடுப்பூசிச் சோதனை நடந்தது. பாதிக் குழந்தைகளுக்குப் புது மருந்து, மீதிக் குழந்தைகளுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி. யாருக்கு எது என்று தாய்க்கும் தெரியாது, ஊசி போடும் நர்ஸுக்கும் தெரியாது. மருந்தின் நிறம் தெரியாதபடி ஊசியில் டேப் சுற்றி, ஜன்னல் வழியே நீட்டும் மருந்தாளர் ம்பேயுவுக்கு மட்டும் தெரியும்.

2
'கடற்காற்று வீசிய ஒரு காலையில்...' (சே, கடலுக்கு இந்தக் கதையில் என்ன வேலை?)

ம்பேயுவின் தங்கை நியேவு, மூத்த பிள்ளையை மலேரியாவுக்குப் பறிகொடுத்தவள். இரண்டாவது பிள்ளை கொம்பேயைச் சோதனையில் சேர்த்திருந்தாள். அவன் சோதனை எண்ணைப் பார்த்ததும் ம்பேயு டேப்பை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். [புது மருந்து என்பதாலா, இல்லை என்பதாலா? எனக்கும் தெரியாது.]

3
மழை விட்ட வாரம் கொம்பேக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது. நியேவு பிள்ளையோடு ஓடி வந்தாள்.

"அக்கா, உன் காலப் புடிச்சிக் கேக்குறேன். எது போட்ட?"

"போட்டது நர்ஸு."

"டேப்பு சுத்துன மகராசி நீதானே! உன் வயித்துப் புள்ளையா இருந்தா இப்படி வாய மூடிக்கிட்டு நிப்பியா?"

"புது மருந்துன்னு சொன்னா நீ கொசுவலையச் சுருட்டி வைப்ப, இல்லன்னா ஒப்பாரி வைப்ப. நாளைக்கு எல்லாத் தாயும் வந்து கேப்பா. சோதனையே பாழாப் போகும். அப்புறம் இந்த ஊசி எந்தப் புள்ளைக்கும் வராது. குடுடி அவன!"

பிள்ளையைப் பறித்துத் தோளில் போட்டுக்கொண்டு ரத்தம் பார்க்க ஓடினாள். மலேரியாதான். புது ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் சில சமயம் வருவதுண்டு.

4
முடிவு அ: ம்பேயு உண்மையைச் சொல்லி (அடித்துவிட்டேன். நானாக இருந்தால் அரை நிமிடத்தில் உளறியிருப்பேன், அவள் உளறமாட்டாள்.)

முடிவு ஆ: கொம்பே (எழுதமாட்டேன். அந்த வீட்டில் ஒரு பிள்ளை போனது போதும்.)

மூன்றாம் நாள் கொம்பே கஞ்சி கேட்டு அழுதான். அதுவரை கட்டிலின் இந்தப் பக்கம் அக்காள், அந்தப் பக்கம் தங்கை. ஈரத்துணி மட்டும் கைமாறியது. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

5
பொறுக்கமுடியாமல் ம்பேயுவிடமே போய் நின்றேன். "எனக்காவது சொல்லேன். எழுதுறது நான்தானே?"

"எழுதுற ஆளுக்கே தெரியாதா? நல்ல ஆளுதான்!" என்று சிரித்தாள். பிறகு முகம் மாறியது. "மூணு நாளு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா. அவகிட்டயே சொல்லல. நீ யாரு?"

இந்தாருங்கள், அந்த ஊசியை டேப்பைப் பிரிக்காமல் உங்களிடம் தருகிறேன். எதிரே பிள்ளையோடு நியேவு வருகிறாள்; இனி உங்களிடம்தான் கேட்பாள்.