வெறும் வயிற்றோடு வாருங்கள்

காத்தவராயன் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவார். காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு. சட்டைக் கையை மடித்துவிட்டு இடது கையை நீட்டுவார். சுலோசனா ஊசி குத்தி ஐந்து மில்லி ரத்தம் எடுப்பாள். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, "வரேங்க" என்று எழுந்து போய்விடுவார். எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம். சாயங்காலம் முடிவை வாங்க வரும்போது இன்னும் ரெண்டு நிமிஷம். இந்த ஆறு நிமிஷத்துக்காக ஒரு பொம்பளை தொண்ணூறு நாள் ஏங்கிக் கிடப்பாளா என்று கேட்டால், கிடந்தாள். அதுவும் முப்பத்தொன்பது வயதில்.

அது எண்பத்து நாலாம் வருஷம். சுலோசனா வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடம் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. முதலாளி பிரெஞ்சு ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, 'முசே' என்றுதான் கூப்பிடும். ஊசியை வேக வைப்பதிலிருந்து முடிவு எழுதுவதுவரை எல்லா வேலையையும் சுலோசனா தலையில் கட்டிவிட்டு, அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சீசா, குழாய் கழுவ ஆயம்மா என்று ஒருத்தி இருந்தாள். வாய் ஓயாதவள்.

கொலஸ்ட்ரால் என்ற பேர் அப்போது பாதிப் பேர் வாயில் நுழையாது. "கொழுப்பு டெஸ்ட்டு" என்றுதான் சொல்வார்கள். சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற யாராவது, "எம் மருமவளக் கூட்டியாரேன், அவளுக்கு மொதல்ல எடுங்க" என்பார்கள். கூடமே சிரிக்கும்.

காத்தவராயன் மட்டும் சிரிக்கமாட்டார். முதல் தடவை வந்தபோதே சொல்லிவிட்டார். "எங்கப்பா நாப்பத்தெட்டுல போனாரு. மில்லுல தறி ஓடிக்கினு இருக்கும்போதே நெஞ்சப் புடிச்சிக்கினு சாஞ்சிட்டாரு. எங்கண்ணன் நாப்பத்தாறு. எனக்கு இப்ப நாப்பத்தஞ்சுங்க." அவர் ஊரை ஒட்டின மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்தார். வீடு அரியாங்குப்பம். பெண்டாட்டி செத்து ஆறு வருஷம். ஒரே மகளைப் பண்ருட்டியில் கட்டிக்கொடுத்துவிட்டார். இதெல்லாம் அவராகச் சொன்னதில்லை. சுலோசனா ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வியாகக் கேட்டுச் சேர்த்து வைத்தது.

முதல் தடவை முந்நூற்றுப் பன்னிரண்டு. அடுத்தது இருநூற்று எண்பது. மனுஷன் நெய்யை விட்டார், கறியை விட்டார், பஸ்ஸை விட்டுவிட்டு சைக்கிள் மிதித்தார். இருநூற்று ஐம்பத்தாறு, இருநூற்று முப்பத்தெட்டு என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஆட்டக்காரனுக்குக் கைதட்டுகிற மாதிரி சுலோசனாவும் முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு ஒரு நாள் அவர், "இருநூத்தி இருவதுக்குக் கீழ வந்துட்டா அப்புறம் வருசத்துக்கு ஒரு தடவ போதும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க" என்று முகமெல்லாம் மலர்ந்து சொன்னார். அவள், "நல்லதாப் போச்சு" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய், கழுவிய குழாய்களையே திரும்பக் கழுவினாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தூக்கம் போயிற்று. கொலஸ்ட்ரால் பார்க்க மருந்தை ஊற்றினால் குழாயில் பச்சை நிறம் வரும். கொழுப்பு கூடக் கூடப் பச்சையும் கூடும். அந்தப் பச்சை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கக்கூடாதா என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. 'அடிப் பாவி, அந்தாளு நெஞ்சு வெடிச்சிச் சாகணும்னா வேண்டிக்கிற?' என்று அவளே அவளைத் திட்டிக்கொள்வாள். திட்டினாலும் ஏக்கம் போகவில்லை. ஒருத்தரைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது என்று சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு ஆள் இல்லை.

அந்த ஐப்பசி மாதத்தில் அவர் முறை வந்தது. சுலோசனா மாம்பழ நிறப் புடவை கட்டிக்கொண்டு போனாள். அவர் ஒன்பதுக்குத்தான் வந்தார். "வெறும் வயிறுதானே?" என்று கேட்டாள். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ம்" என்றார். ரத்தத்தை எடுத்தாள். "கொஞ்ச நேரம் இருங்களேன்" என்று பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, ரத்தம் உறைந்ததும் இயந்திரத்தில் போட்டுச் சுற்றவிட்டாள்.

வெளியே எடுத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரத்தத்துக்கு மேலே சீரம் தெளிந்து நிற்கவேண்டும். நிற்கவில்லை. அரிசி கழுவின தண்ணியாக வெள்ளை வெளேரென்று கலங்கிக் கிடந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அப்படி ஆகும், உடம்பே கெட்டுப்போனாலும் ஆகும். நாற்பத்தாறு வயது, அண்ணன் போன வயது. அவள் குழாயும் கையுமாக வெளியே ஓடிவந்தாள்.

"சாப்டீங்களா? உண்மையச் சொல்லுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு நெய்த் தோசைங்க. எதிர் ஓட்டல்ல."

பயம் போன வேகத்தில் கோபம் வந்துவிட்டது. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை. "எவ்ளோ கொழுப்பு உங்களுக்கு! படிச்சிப் படிச்சிச் சொல்றேன், வெறும் வயித்தோட வாங்கன்னு. உயிர் உங்களுக்கு வெளையாட்டாப் போச்சா?"

பெஞ்சே கொல்லென்று சிரித்தது. "டெஸ்ட்டு எடுக்காமயே சொல்லிடுச்சிய்யா பொண்ணு" என்றார் ஒருத்தர். காத்தவராயன் முகம் சுண்டிப்போயிற்று. மடித்த சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "தப்புதாங்க" என்று படியிறங்கினார்.

"நாளைக்கி வாங்க, திரும்ப எடுக்கணும்!" என்று அவள் மேலேயிருந்து கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வரவில்லை. அதற்கும் மறுநாள் வரவில்லை. ஒன்பது மணிக்கு அவள் படியையே பார்த்துக்கொண்டு நிற்பதை ஆயம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

"நீ ஒரு மண்ணுடி சுலோசனா. அந்தாளு தெரியாமத் தின்னுட்டான்னா நெனக்கிற? அன்னிக்கிக் கால‍யில படிகிட்ட என்ன நிறுத்திக் கேட்டான். 'ஆயம்மா, சாப்ட்டுட்டு வந்தா என்னா ஆவும்'னு. 'அது செல்லாதுய்யா, நாளைக்கி இன்னொரு வாட்டி வரச் சொல்லுவாங்க'ன்னேன். 'நெசமாவா'ன்னு கேட்டுட்டு, நேராப் போயி ஓட்டல்ல குந்திட்டான்."

சுலோசனாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு நாள் வருவதற்காக. இன்னொரு நாலு நிமிஷத்துக்காக அந்த மனுஷன் ஒரு வருஷம் காத்த நாக்கைக் கெடுத்துக்கொண்டார். அதற்கு நாலு பேர் சிரிக்க அவள் கொடுத்த பதில், 'கொழுப்பு'.

மூன்றாம் நாள் விடிந்ததும் ஊசியை வேக வைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டு அரியாங்குப்பம் பஸ் ஏறினாள். பரிசோதனைச் சீட்டில் இருந்த விலாசத்தை விசாரித்துக்கொண்டு போனபோது, அவர் தலைசீவி, சலவைச் சட்டை போட்டு, வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் சைக்கிள் சாய்ந்தது.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"அங்கதாங்க." அவர் சைக்கிளை நிமிர்த்தினார். "மூணு நாளா ராத்திரி எட்டு மணிக்கு மேல பச்சத் தண்ணிதான். கால‍யில ஆத்துப் பாலம் வரைக்கும் வரேன். அங்க நின்னுட்டுத் திரும்பிடறேன்."

"ஏன்?"

"நீங்க சொன்னது சரிதான்னு தோணும். இந்த வயசுல எனக்குக் கொழுப்புதானே."

சுலோசனாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "நான் பேசினதுக்கு என் வாயிலதான் போடணும். பால் கணக்கா அதப் பாத்ததும் ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுங்க எனக்கு. உங்கப்பா, உங்கண்ணன், எல்லாம் கண்ணு முன்னால வந்துட்டாங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்..." கையிலிருந்த டப்பாவைக் காட்டினாள். "கையக் குடுங்க" என்றாள்.

உள்ளே போய் வீட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் அளவுக்குப் பழகின நரம்பு. அன்றைக்கு இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று.

அன்று மத்தியானம் சீரம் பளிங்காகத் தெளிந்து நின்றது. மருந்தை ஊற்றினாள். வெளிறின பச்சை. கணக்குப் போட்டாள். இருநூற்றுப் பதினாலு. நம்பாமல் இன்னொரு தடவை செய்து பார்த்தாள். அதே இருநூற்றுப் பதினாலு. அப்பாவையும் அண்ணனையும் கொண்டுபோனது இவரை விட்டுவிடும் போலிருக்கிறது என்று நினைத்ததும், அவளையறியாமல் கைகூப்பிவிட்டாள். சந்தோஷம் நிஜமான சந்தோஷம். ஆனால் அந்த எண்ணைச் சீட்டில் எழுதும்போது, இனி ஒரு வருஷம் என்ற நினைப்பில் பேனா நகர மறுத்தது. கூட்டி எழுதினாலும் கேட்க ஆளில்லை. உள்ளதைத்தான் எழுதினாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வந்தார். முசே வீட்டுக்குப் போய்விட்டார். ஆயம்மா, இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். சுலோசனா சீட்டை நீட்டினாள்.

"இருநூத்திப் பதினாலு. நல்லா இருக்கீங்க. டாக்டர்கிட்டக் காட்டுங்க. இன்னும் ஒரு வருசத்துக்கு நீங்க வர வேண்டியதில்ல."

அவர் சீட்டை வாங்கினார். படிக்கவில்லை. "ஒரு வருசமா" என்றார். மடித்துப் பையில் வைத்தார். கதவுவரை போனார், செருப்பை மாட்டினார், அப்படியே நின்றார். இந்த ஆள் வாயைத் திறக்கப்போவதில்லை என்று சுலோசனாவுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு விட்டால் விட்டதுதான் என்பதும் தெரிந்தது.

"ஏங்க," என்றாள். "ரத்தம் குடுக்கத்தான் வர வேணாம்னு சொன்னேன். வரவே வேணாம்னா சொன்னேன்?"