மேலே இருக்கிறவர் அசையக்கூடாது

போல்ட்டின் தலைப் பிளவுக்குள் ஸ்குறூ ட்றைவரின் நுனி, அதன் பிடியை இரண்டு கையாலும் அழுத்தியபடி படகின் மேல்தட்டில் குப்புறக் கிடக்கிறார் குலவீரசிங்கம், மூக்குக்கு நேரே வெள்ளைப் பசை பிதுங்கி நிற்கிறது, கீழே அறைக்குள் அவர் மனைவி பவளராணி மல்லாந்து கிடந்து ஸ்பனரால் நட்டை முடுக்குகிறாள், பிடிச்சிட்டியளோ என்கிறாள், பிடிச்சிருக்கிறன், நீர் மெல்லமாச் சுத்தும் என்கிறார், மேலே இருக்கிறவர் அசையக்கூடாது, சுற்றுவதெல்லாம் கீழேதான், போல்ட் மயிரிழை திரும்பினாலும் பசையின் பிடி அறுந்துவிடும், அந்த வழியால் மழை இறங்கும், போன வருடம் அப்படித்தானே நடந்தது, அவரும் மச்சான் கனகசூரியரும் பெரிய பலசாலிகள் மாதிரி மேலேயிருந்தே முறுக்கித் தள்ளிவிட்டுச் சாப்பிடப் போனார்கள், முதல் மழைக்கே படுக்கை தெப்பம், ஒழுகுவது ஓரிடம் சொட்டுவது வேறோரிடம், தேடித் தேடிக் கண்டுபிடித்தபோது இரண்டு பைபர்கிளாஸ் தகட்டுக்கும் நடுவிலிருந்த மரம் ஊறிப்போய்க் கிடந்தது, குத்தினால் விரல் உள்ளே போனது, சீ, நாங்களும் ஒரு மனுசரோ என்று தன்னையே திட்டிக்கொண்டு, இந்த வசந்தம் முழுக்க ஊறியதைச் சுரண்டி, ஓட்டைகளை எபொக்சிப் பிசினால் அடைத்து, காயவிட்டு, திரும்பத் துளைத்து, இன்றைக்குத்தான் கயிறு கட்டும் கொம்பைப் புதுப் பசை வைத்துப் பூட்டுகிறார், பார்த்து இன்றைக்கென்று கனகசூரியருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, நான் வாறன் என்றாள் பவளராணி, இந்தப் படகைக் கண்ணெடுத்தும் பாராதவள், அவருக்கு அப்போதே பொறி தட்டியிருக்கவேண்டும், தட்டவில்லை.

அவளுக்கு ஏன் படகைப் பிடிக்காது என்றால், மகன் நிமலனின் கதையை அவள் எடுக்கும்போதெல்லாம் மனுசன் எழும்பிவிடுவார், கை கழுவினாரோ இல்லையோ கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஒன்ராறியோ ஏரிக்கரைக்கு வந்து இந்தக் கிழட்டுப் படகுக்குள் இருந்துவிடுவார், எழும்பிப் போக ஓரிடம் வேண்டுமென்றுதான் வாங்கினாரோ என்னவோ, கடைசிச் சண்டையில் வன்னிக்குள் காணாமற்போன பிள்ளை, செத்தான் என்று சொன்னவருமில்லை, இருக்கிறான் என்று சொன்னவருமில்லை, ஒரு நாள் இந்தப் படகுக்குள் அயர்ந்துபோனவரின் கனவில் நிமலன் கீழே ஸ்பனரோடு கிடந்தான், பிடிச்சிட்டியோ தம்பி என்று இவர் கேட்க, பிடிச்சிட்டன் அப்பா என்றான், முகத்தைக் காணவில்லை, குரல்தான், அந்தக் குரலுக்காகவே பிறகு எத்தனையோ தரம் இங்கே வந்து படுத்தார், வரவில்லை.

இஞ்சேருங்கோ, நான் ஒண்டு சொல்லவேணும், என்கிறது கீழேயிருந்து வரும் குரல், சொல்லும், நிமலனுக்குக் கிரியை செய்யவேணும், ஐயரோட கதைச்சிட்டன், உடம்பு கிடைக்காட்டி தர்ப்பையில உருவம் செய்து செய்யலாமாம், கலியாணம் கட்டாத பிள்ளைக்குத் தகப்பன்தான் இருந்து செய்யவேணுமாம். அவரின் உடம்பு பழக்கதோஷத்தில் எழும்பப் பார்க்கிறது, முழங்கால் மடங்கிவிட்டது, கை மட்டும் வரமாட்டேன் என்கிறது, எடுத்தால் போல்ட் திரும்பும், வசந்தம் முழுக்கச் செய்த வேலை மண்ணாய்ப்போகும், பவளம், இதைப் பேந்து கதைப்பம் என்கிறார், பேந்து எண்டால் நீங்கள் எழும்பிப் போயிடுவியள், இப்ப ஏலாது, அதுக்குத்தான் இதுக்குள்ள வந்து கிடக்கிறன் என்கிறாள். அடி பாவி. கோபம் வருகிறது, கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அழுகைதான் முந்திக்கொள்கிறது, கண்ணைத் துடைக்கக்கூடக் கை இல்லை, எனக்கு ஏலாதப்பா, என்ர கையால அவனுக்கு எப்பிடி எள்ளுத் தண்ணி இறைக்கிறது, அவன் ஒரு நாள் வந்து நிண்டால் என்ன முகத்தோட பாக்கிறது என்கிறார், வந்தால் வரட்டும், வந்தால் நான் அவன்ர காலைப் பிடிச்சுக் கும்பிடுறன், வராட்டி, இவ்வளவு காலமும் அவன் ஒரு வாய் தண்ணியில்லாமல் நிக்கிறானெல்லே, எனக்கு நித்திரை இல்லையப்பா என்கிறாள், இரண்டு அங்குலத் தட்டுக்கு அந்தப் பக்கம் அவளும் அழுகிறாள் என்பது ஸ்குறூ ட்றைவரின் நடுக்கத்தில் தெரிகிறது.

ஐயர் நாளைக் கேக்கிறார், என்கிறாள் பிறகு. அவன் எடுத்த கடைசிப் போன் உங்களுக்குத்தானே வந்தது, எனக்கு நாள் சொல்லவேயில்லை, பெடியன் சுகமாம் எண்டு மட்டும் சொன்னனீங்கள், அது என்ன திகதி. அவருக்கு இப்போதும் கேட்கிறது, போன் இரைச்சலுக்கு நடுவில் மகனின் குரல், அப்பா, சனம் எல்லாம் ஆமிப் பக்கம் நடக்குது, நானும் நடக்கப்போறன், அம்மாட்டச் சொல்லாதேங்கோ, பயப்பிடுவா, அவ்வளவுதான், தொலைபேசியை வைத்துவிட்டு அவர் எழும்பி வாசலுக்குப் போனார், வெளியே பறுவம் கழிந்து தேயத் தொடங்கிய நிலவு, அல்லது அது இப்போது பார்க்கிற ஏரியின் வெளிச்சமா. சித்திரை மாதம், அபரபக்கப் பிரதமை, என்கிறார்.

கீழே ஸ்பனர் நின்றுவிட்டது. அவள் திகதியைத்தான் கேட்டாள், மே மாதம் இன்ன நாள் என்று சொல்லியிருந்தால் முடிந்தது, உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எவராவது திதி பார்த்து வைத்திருப்பார்களா, செத்தவருக்குத்தானே திதி, அந்தச் சொல்லையே வீட்டுக்குள் எடுக்கவிடாத மனுசன் எப்போது பஞ்சாங்கத்தைப் புரட்டினார், எந்தக் கடையில் நின்றுகொண்டு, யாருக்கும் தெரியாமல், அவன் பெயரைச் சொல்லி நாளைக் கணக்குப் பார்த்தார்.

உங்களுக்கு முதலே தெரியும், என்கிறாள், கேள்வியில்லை. அவர் பிடியை இன்னும் அழுத்துகிறார். இவ்வளவு காலமும் தனியவோ வச்சிருந்தனீங்கள், என்கிறாள், இப்போது குரல் மிகப் பக்கத்தில், தட்டோடு வாயை வைத்துப் பேசுகிறாள்போல. பிடிச்சிருக்கிறன், நீர் சுத்தும், என்கிறார் குலவீரசிங்கம், பசை காயப்போகுது பவளம், சுத்தும், ஸ்பனர் சுற்றவில்லை, அவரும் கையை எடுக்கவில்லை.