கோ அண்ட் கம்

ஆபீசுக்கு வாடகை கட்டி மாளவில்லை என்று கம்பெனி எல்லாரையும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. பூங்கொடிக்குக் கேளம்பாக்கத்து ஃபிளாட்டின் சமையலறை மேசைதான் ஆபீஸ். மேலதிகாரி டேனியல் அமெரிக்காவில் இருந்தார். இங்கே அவருக்குக் கண்ணும் காதும் திருக்கழுக்குன்றத்துப் பாஷ்யம். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, எல்லாம் போனில்தான். பூங்கொடியின் வேலையை நிரந்தரமாக்குவதா என்று அன்றைய மீட்டிங்கில் முடிவு.

"முடியாது" என்றார் டேனியல். காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஒவ்வொரு மீட்டிங் முடிவிலும் 'ஐ வில் கோ அண்ட் கம்' என்கிறாளாம். மனுஷன் லைனில் காத்துக்கொண்டே இருப்பாராம், இவள் திரும்பி வருவதே இல்லையாம். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருப்பவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றாவிட்டால் எப்படி நம்புவது?

பூங்கொடிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. போயிட்டு வரேன் என்பதைத்தானே இங்கிலீஷில் சொன்னாள்? 'போறேன்' என்று சொல்லி வாசல் தாண்டினால் எந்த வீட்டில் சும்மா விடுவார்கள்? அதைத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினாள். டேனியல் துரைக்கு அது சாக்காகப் பட்டது.

"பாஷ்யம், உங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் உண்டா?"

தினமும் இவளிடம் "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிப் போனை வைக்கிற பாஷ்யம் தொண்டையைச் செருமினார். "நான் கேள்விப்பட்டதில்லை" என்றார், சுத்தமான இங்கிலீஷில். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்றாவது இருந்திருக்கலாம். இவர் முழுப் பூனை.

"இன்னா சார் இது? தெனம் நீங்க இன்னா சொல்லிட்டு போனை வெக்கிறீங்க?"

"மீட்டிங்ல இங்கிலீஷ்ல பேசும்மா."

அந்த 'அம்மா'தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"உங்க வேலையே வேணாம் சார். நான் போறேன்."

"ஐயோ, அப்படிச் சொல்லாதேம்மா. போயிட்டு வரேன்னு சொல்லு" என்றார் பாஷ்யம். புத்தி தடுப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

பாஷ்யம் பதறிப்போய் என்ன சொன்னார் என்று டேனியல் கேட்டார்.

"நீங்களே அவருக்கு இங்கிலீஷ்ல சொல்லுங்க சார்" என்றாள் பூங்கொடி, பாஷ்யத்திடம். ஹெட்போனைக் கழற்றாமல் காத்திருந்தாள்.

பாஷ்யத்தின் லைன் கட்டானது. டேனியல் அவர் பெயரை இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். போறேன் என்றும் சொல்லாமல், போயிட்டு வரேன் என்றும் சொல்லாமல் போய்விட்டிருந்தார் அந்த மனிதர்.