துணியில்லை, நூல்

நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு நான் நூலை வெட்டினேன். அஞ்சு மணிக்கு அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக த்ரீவீல் வந்து எங்கள் தோட்டத்து லய வரிசைக்கு முன்னால் நின்றது. நடுவில் ஒரே ஒரு மணி நேரம். இப்போது மறுபடியும் ராத்திரி. துணைக்குப் படுக்க வந்த வேலாயி அத்தை பக்கத்தில் குறட்டை விடுகிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை. பயம் முழுசாகப் போகவும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் அக்கா ஜீவராணிக்குப் போன வருசம் ஒரு பிள்ளை தங்காமல் போனது. ஏழாம் மாசம். அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால்தான் அத்தான் கொழும்பிலிருந்து ஒரு பெரிய பை கொண்டு வந்திருந்தார். சின்னக் கொசுவலை, பவுடர், ஆறு சட்டைகள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு. பிள்ளை போன பிறகு அந்தப் பை எங்கே போனது என்று நாங்கள் யாரும் அம்மாவிடம் கேட்கவில்லை. இந்த முறை அக்காவுக்கு நாள் தள்ளிப்போனதுமே அம்மா சொல்லிவிட்டார்.

"பொறக்காத புள்ளைக்குன்னு ஒரு துணி இந்த வீட்டு வாசப்படி தாண்டக் கூடாது. யாரு வாங்கியாந்தாலும் அடுப்புலதான் போடுவேன்."

கிளினிக்கிலிருந்து மிட்வைஃப் மிஸ் வந்து, எட்டாம் மாசமே பை கட்டி வைக்க வேண்டும் என்று சொன்னபோதும் அம்மா அசையவில்லை.

"அன்னைக்குக் கட்டிக்கலாம் மிஸ்."

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவீங்களா, பை கட்டுவீங்களா?"

"ஓடிக்கிட்டே கட்டுவோம்."

மிஸ் சிரித்துவிட்டார். கடைசியில் அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து, துவைத்து, காயவைத்து நாலு துண்டு மட்டும் எடுத்து வைத்தார்கள். பழசு என்றால் பரவாயில்லையாம்.

நான் அம்மா சொன்னதை ஒரு நாள் முழுக்க யோசித்தேன். துணிதான் கூடாது. நூல் கூடாது என்று அம்மா சொல்லவில்லையே.

பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை முடிந்து நான் வீட்டில் சும்மா இருந்தேன். பள்ளிக்கூடத்தில் மனையியல் பாடத்துக்குக் கொக்கி ஊசியால் மேசை விரிப்பு ஒன்று பின்னியிருக்கிறேன். ஊசி என்னிடமே இருந்தது. ஹட்டன் டவுனுக்குப் போனபோது இளமஞ்சள் நூல் நாலு உருண்டை வாங்கினேன். பிறப்பது பையனா பொண்ணா என்று யாருக்கும் தெரியாது, மஞ்சள் இருவருக்கும் பொருந்தும். பரீட்சைப் புத்தகங்கள் இருந்த பழைய பள்ளிக்கூடப் பைக்குள் உருண்டைகளை ஒளித்தேன். அந்தப் பையை இனி யாரும் திறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

போனில் ஒரு வெள்ளைக்கார அம்மா போர்வை பின்னிக் காட்டினார். ஓட்டை ஓட்டையாக, ஊதினால் பறக்கிற மாதிரி. அவர் ஒவ்வொரு தரமும் "டபுள், டபுள்" என்று சொன்னார். டபுள் எனக்குத் தெரியும், டீச்சர் சொல்லித் தந்த பின்னல் அது. நானும் டபுள் டபுளாகப் போட்டு இருபத்திரண்டு வரிசை முடித்தேன். தூக்கிப் பார்த்தால் அது மடியவே இல்லை. பலகை மாதிரி நின்றது.

பக்கத்து லயத்து நிஷாந்திக்கு மட்டும் காட்டினேன். அவள் அதை வாங்கி இடுப்பில் சுற்றிப் பார்த்தாள்.

"என்னாடி இது, ஒங்கம்மா இடுப்புல கட்டுற படங்கா? இதக் கட்டிக்கிட்டுக் கொழுந்து பறிச்சா மழ, அட்ட ஒண்ணும் உள்ள வராது."

"புள்ளைக்கு நிஷாந்தி."

"புள்ளைக்கா? பாவம்டி, இன்னும் பொறக்கவே இல்ல. அதுக்குள்ள தோட்டத்து வேலைக்குப் பேர் போடப் பாக்குற."

அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. மறுநாள் போனின் சத்தத்தை முழுசாக நிறுத்திவிட்டு அந்த அம்மாவின் கையை மட்டும் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. அவர் ஊசியை உள்ளே விடுவதற்கு முன்னால் நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறார். எங்கள் டீச்சரின் டபுளில் அந்தச் சுற்று கிடையாது. பேர் ஒன்றுதான். அவர் டபுள் உயரம், எங்கள் டபுள் குட்டை. குட்டைப் பின்னலை நெருக்கி நெருக்கிப் போட்டால் படங்கு வராமல் வேறென்ன வரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். இருபத்திரண்டு வரிசையையும் அன்றைக்கே உருவி, உருண்டையாகச் சுற்றி, முதலிலிருந்து தொடங்கினேன்.

பிறகு கை ஓடத் தொடங்கியது. ரெண்டு உயரப் பின்னல், ஒரு சங்கிலி, ஒரு ஓட்டை. மறுபடி ரெண்டு, ஒரு சங்கிலி, ஒரு ஓட்டை. அம்மா கொழுந்து பறிக்கத் தேயிலை மலைக்குப் போன பிறகு, அக்கா படுத்திருக்கும் நேரத்தில், உள்அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பின்னுவேன். அம்மா வருகிற சத்தம் கேட்டால் அப்படியே பைக்குள்.

இந்த வேலையில் ஒரு விசயம் இருக்கிறது. எவ்வளவு பின்னினாலும் கடைசியில் ஊசியில் மாட்டியிருப்பது ஒரே ஒரு கண்ணிதான். அந்தக் கண்ணியிலிருந்து ஊசியை எடுத்துவிட்டு நூலைப் பிடித்து இழுத்தால், ஒரு மாச வேலையும் பத்து நிமிசத்தில் உருண்டையாகிவிடும். நூலை வெட்டி, அந்தக் கண்ணிக்குள் கோத்து இறுக்கினால்தான் அது போர்வை. அதுவரைக்கும் நூல்தான். ஆகவே பிள்ளை பிறக்கும் வரை வெட்டக் கூடாது, ஊசியை எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். அம்மாவின் பேச்சையும் மீறவில்லை, என் வேலையும் நடந்தது.

நேற்று மூணு மணிக்கு அக்காவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அப்புறம் குடிக்கிறேன் என்று ஓரமாக வைத்தாள். நான் உள்ளே போய் ஓரத்தின் மூன்றாவது சுற்றை முடித்தேன். நாலு மூலையும் சரியாக வந்து சேர்ந்தது. ஒரு கண்ணிகூட மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை. கட்டிலில் விரித்தேன். ஜன்னல் வெளிச்சம் ஓட்டை வழியே விழுந்து மெத்தையெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. அதன் நடுவில் அந்த ஊசி மட்டும் அசிங்கமாகத் தொங்கியது. முழுசாக ஒரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது. இன்னும் மூணு வாரம் இருக்கிறதே என்று நினைத்தேன். கத்தரிக்கோலை எடுத்து வெட்டி, இறுக்கி, வால் நூலையும் உள்ளே மறைத்துவிட்டேன்.

அஞ்சு மணிக்கு அம்மா மலையிலிருந்து வந்து கூடையை இறக்கக்கூட இல்லை, அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள்.

மூணு வாரம் முந்தி.

அப்பா பெக்டரியில் ராத்திரி வாச்சர். அத்தான் கொழும்பில் ரயில் ஏறப் போயிருந்தார். அம்மாதான் அக்காவோடு போனார். மழை கொட்டியது. எனக்குத் துணையாக வேலாயி அத்தையை வந்து படுக்கச் சொன்னார்கள். அத்தை வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

"மூணு வாரம் முந்தியா? ஏன்டி தனுஜா, யாராச்சும் எதையாச்சும் வாங்கிக்கீங்கி வச்சீங்களா?"

"இல்ல அத்த."

"அந்தப் பையன் கொழும்புலருந்து அனுப்பலயே?"

"இல்ல அத்த."

"பொறவு ஏன்?" என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போனார். நான் எப்படித் தூங்குவேன்.

மணி ஒன்று இருக்கும். பையிலிருந்து போர்வையை எடுத்தேன். பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மறுபடி நூலாகிவிட்டால் நான் எதுவும் செய்யாத மாதிரி ஆகிவிடும். மறைத்த வாலைத் தேடி எடுத்து, முடிச்சை நகத்தால் நெருடி அவிழ்த்தேன். இழுத்தேன். டிக் டிக் டிக் என்று ஒவ்வொரு கண்ணியாகக் கழன்றது. முதல் சுற்றுப் போனது. இரண்டாவது சுற்றுப் போனது. மடியில் நூல் இடியப்பம் மாதிரி சுருண்டு கிடந்தது. அவ்வளவு நல்ல வேலை அது. இப்படி ஒன்றை நான் இதுக்கு முன்னால் செய்ததே இல்லை. ஆனாலும் அக்கா பெரிது என்று நினைத்து மூன்றாவதைப் பிடித்தேன்.

போன் அடித்தது. அம்மா.

"தனுஜா, முழிச்சிக்கிட்டுதான் இருக்கியா? பொறந்துருச்சு. பொட்டப்புள்ள."

மடியில் கிடந்த நூலை அப்படியே அள்ளிப் பிடித்தேன்.

"ஏய், கேக்குதா? ரெண்டு உசுரும் நல்லாருக்கு. புள்ள கொஞ்சம் சின்னது. ஆனா அழுறா பாரு, மல ஏறிப்போய்க் கூப்புட்டாலும் கேக்கும்."

"அக்கா பேசுறாங்களாம்மா?"

"பேசுறா, பேசுறா. இங்க பாரு, த்ரீவீலுக்குள்ள மழ அடிச்சு அந்தச் சேலத்துண்டெல்லாம் நனைஞ்சுபோச்சு. வார்ட்டு துணியத்தான் சுத்தி வச்சிருக்காங்க. மொத பஸ்ல வா. அந்த மஞ்ச நூல எடுத்துட்டு வந்துரு."

"எந்த மஞ்ச நூலும்மா?"

"நடிக்காதடி. ஐடென்டி கார்ட் போட்டோ தேடுறப்ப பைக்குள்ள கைய விட்டேன். போன மாசமே பாத்துட்டேன்."

"பொறவு ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"ஊசி அதுலயே மாட்டிக்கிட்டு இருந்துச்சில்ல. முடிக்காம வச்சிருக்கா, புத்தியாத்தான் இருக்கான்னு விட்டுட்டேன்."

இதற்குள் வேலாயி அத்தை எழுந்து போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஏன் சண்முகவடிவு, முப்பத்தொண்ணாம் நாள் கழியாம புதுத்துணி போடலாமா?"

"துணின்னு யாரு சொன்னா? நூலு" என்றார் அம்மா. "அவளப் பஸ்ஸுக்கு அனுப்பி வையி."

அத்தை போனை என்னிடம் நீட்டினார். "நூலாம்" என்றார்.

முதல் பஸ் அஞ்சே முக்காலுக்கு. லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ரெண்டு சுற்று, நாலு பக்கம். சுருண்ட நூலை நீட்டி நீட்டிப் பின்னினேன். அவசரத்தில் இறுக்கமும் தளர்வுமாகப் போனது, அதைக் கழற்றித் திரும்பப் போட்டேன். அத்தை இஞ்சித் தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டு, முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து நூல் சிக்காமல் பிடித்துக்கொண்டார். கடைசி மூலைக்கு ஒரு சாண் இருக்கும்போது நூல் தீர்ந்துபோனது. உருண்டையில் மிச்சமிருந்த நூலை எடுத்து முடிச்சுப் போட்டுச் சேர்த்தேன். கடைசிக் கண்ணியில் ஊசியை விட்டுவைத்தபடியே சுருட்டிப் பைக்குள் வைத்தேன். கத்தரிக்கோலையும் போட்டுக்கொண்டேன்.

வார்டில் அக்கா படுத்திருந்தாள். பிள்ளை பக்கத்தில். முகம் சிவந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, யாரோடோ கோவம் மாதிரி. அம்மா போர்வையை வாங்கி முதலில் ஊசியைப் பார்த்தார். "வெட்டு" என்றார். பிள்ளைக்கு முன்னால் வைத்து வெட்டினேன், கோத்தேன், இறுக்கினேன்.

அம்மா ஓரம் முழுக்க விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். கொழுந்து பறித்துத் தடித்த விரல். ஒரு மூலையில் நின்றது.

"இது என்னாடி முடிச்சு?"

"நூலு முடிஞ்சிருச்சும்மா."

"முடிஞ்சிச்சா, வெட்டுனியா?"

பொய் சொல்லியிருக்கலாம். பிள்ளையைப் பார்த்தேன், சொல்ல வரவில்லை.

"வெட்டுனேன்மா. நேத்து நாலு மணிக்கு. முழுசாப் பாக்கணும்போல இருந்துச்சு. அஞ்சு மணிக்கு அக்காவுக்கு... பொறவு ராத்திரி ஓரத்தப் பிரிச்சேன்."

அம்மா அந்த முடிச்சை விரலால் ஒரு தடவை உருட்டினார். அக்காதான் தலையைத் திருப்பினாள்.

"நாலு மணியா? லூசு. எனக்கு ரெண்டு மணிக்கே இழுத்துப் புடிக்க ஆரம்பிச்சிருச்சு. அம்மா மலயிலருந்து வரட்டும்னு பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். ஒங்கிட்டச் சொன்னா நீ லயத்தையே கூட்டிருவ."

எனக்காகச் சொல்கிறாளோ என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்தத் தேத்தண்ணி ஞாபகம் வந்தது. அவர்களை த்ரீவீலில் ஏற்றிவிட்டு வந்து பார்த்தபோது அது ஆடை படிந்து அப்படியே இருந்தது. அக்கா தேத்தண்ணியை ஆறவிடுகிறவள் இல்லை.

அம்மா போர்வையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தார். ஓட்டை வழியே வெளியே மரமும் மேகமும் தெரிந்தது. "கவ்வாத்து வெட்டுன தேயில மல மாதிரி ஒரே மட்டமா இருக்கு" என்றார். அம்மா எதையும் நல்லாயிருக்கு என்று சொல்கிறவர் இல்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

பிள்ளையைச் சுற்றினோம். வார்டுத் துணியில் முறுக்கிக்கொண்டு கிடந்தவள், இதற்குள் வந்ததும் ஒரு விரலை ஓட்டை வழியாக வெளியே நீட்டினாள். அந்த நேரம் பார்த்து சிங்கள நர்ஸ் நோனா மருந்துத் தட்டோடு வந்தார். தட்டை வைத்துவிட்டுப் போர்வையின் ஓரத்தைத் தொட்டார், ரெண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். பக்கத்துக் கட்டில் நோனாவையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"கவுத மேக்க கெத்துவே?" என்று அம்மாவிடம் கேட்டார். யார் இதைப் பின்னினது என்று.

அம்மாவுக்குச் சிங்களம் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போதுமான அளவுதான் வரும். எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். இன்று காலையில் அந்த வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"மகே பொடி துவ."

என் சின்ன மகள். நர்ஸ் நோனா திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த ஊசியைப் பின்னால் மறைத்தேன். பிறகு எதற்கு மறைக்கிறேன் என்று தோன்றி முன்னால் கொண்டு வந்தேன்.