பம்பின் வாய்

செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டிக்கு முதல் நாள் வீடு கழுவுவதென்றால் மானிப்பாயில் சும்மா கழுவுவதில்லை. பாய், திரைச்சீலை, சாமி விளக்கு என்று ஒன்றும் மிஞ்சாது. ஒரு மாதச் சாவுத் துடக்கை ஒரே பகலில் வெளியே தள்ளிவிட வேண்டும். நாகேஸ்வரி அதில் வலு கெட்டிக்காரி. தம்பி கேதீஸ்வரன் லொறியில் அடிபட்டுச் செத்த நாளிலிருந்து இந்த வீட்டிலேயே நிற்கிறவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விடியவே தொடங்கிவிட்டாள்.

கேதீஸ்வரனின் மனைவி உதயகலாவின் மனமெல்லாம் விறாந்தை மூலைக் கண்ணாடித் தொட்டியில் கிடந்தது. அதற்குள் ஒரு சோடி கடற்குதிரை, புருசன் ஆசையாசையாக வளர்த்தவை. கடற்குதிரையில் வயிறு தள்ளுவது ஆண்தான். இந்த ஆணும் பை வீங்கி, இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றது. முன்பு ஈன்ற குஞ்சுகள் தங்கவில்லை. இந்த முறை ஒன்றாவது தப்பும் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுசன் பார்க்காமலே போய்விட்டான். வரப்போகும் குஞ்சுகளை எப்படியாவது வளர்த்தெடுக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

கடற்குதிரை நீந்தும் என்பதே பேச்சுக்குத்தான். தண்ணீரின் இழுவை கொஞ்சம் கூடினால், வாலால் பிடித்த தண்டையும் விட்டுவிட்டு அள்ளுண்டு போகும். அதனால்தான் கேதீஸ்வரன் பம்பின் வெளிக்குழாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வேகத்தைத் தணித்திருந்தான். உறிஞ்சும் வாய்க்குத் தடித்த நுரைப்பஞ்சு சுற்றி, தூண்டில் போடும் தங்கூசி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தான். தண்ணீர் போகும், குஞ்சு போகாது.

பின்னேரம் உதயகலா கிணற்றடியில் பாத்திரங்களோடு நிற்க, நாகேஸ்வரி விறாந்தைக்கு வந்தாள். தொட்டிக்குள் கறுத்துப்போன பஞ்சு ஒன்று. துடக்கு வீட்டு ஊத்தை அதிலே இருக்கத் தம்பிக்குக் கிரியை செய்வதா? தங்கூசியை வெட்டிப் பஞ்சை எடுத்துத் தோய்த்துக் கொடியில் போட்டாள்.

விடியற்காலை உதயகலா வந்து பார்த்தாள். ஆணின் வயிறு ஒட்டிப்போயிருந்தது. தொட்டியில் ஒரு குஞ்சும் இல்லை. பம்பு வழக்கத்தைவிடக் கெதியாக இழுத்துக்கொண்டிருந்தது.

"மச்சாள், பம்பிலை கிடந்த பஞ்சு எங்கை?"

"உந்தக் கறுப்புப் பஞ்சோ? தோய்ச்சுக் கொடியிலை போட்டனான். காஞ்சிருக்கும், எடுத்துக் கட்டன்."

உதயகலா கரண்டை நிறுத்திப் பம்பைக் கழற்றினாள். உள்ளே விசிறியில் சளி மாதிரி சுற்றியிருந்தது. விரலால் வழிக்க வழிக்க வந்தது. அப்போதுதான் அவள் அழுதாள், சத்தமாக.

நாகேஸ்வரி முதலில் பயந்துபோனாள். தனக்கென்ன தெரியும், முதலே சொல்லியிருக்க வேண்டாமா என்று முணுமுணுத்தாள். பிறகு அவளுக்கும் பொறுக்கவில்லை.

"என்ரை தம்பியைத் தூக்கிக்கொண்டு போகேக்கை உனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லை. இப்ப மீனுக்கு அழுறாய்."

"அவர் ஒருக்காலெண்டாலும் பாக்கோணுமெண்டு நிண்டதைத்தான் நான் இப்ப வழிச்செடுக்கிறன், மச்சாள்."

நாகேஸ்வரி கொடியிலிருந்த பஞ்சை எடுத்துவந்து நீட்டினாள்.

வாசலில் கிரியைக்குக் கீரிமலைக் கடலடிக்குப் போகிற வான் வந்து நின்றது. உதயகலா பஞ்சைக் கட்டிப் பம்பை ஓடவிட்டு, கையும் கழுவாமல் ஏறினாள். கடற்கரையில் இறங்கியபோதுதான் விரலிடுக்கில் ஒன்று முழுசாக ஒட்டியிருந்ததைக் கண்டாள். நூலளவு உடம்பு, அதிலும் குதிரை முகம் தெரிந்தது.

தண்ணீரில் இறங்கித் தலை முழுகச் சொல்லி ஐயர் இரண்டு தரம் கூப்பிட்டார். அவள் கையைப் பொத்திக்கொண்டு படியிலேயே நின்றாள்.